சி.என்.சி.யா, சாதா லேத்தா: கடன் பேப்பரில் கையெழுத்துப் போடும் முன் போட வேண்டிய கணக்கு

"அண்ணே, நானும் ஒரு சி.என்.சி. போட்டுடலாமா?" புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் பட்டறை வைத்திருப்பதால் மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார். லேத் என்றால் இரும்பைச் சுழற்றி டூலால் கடையும் மெஷின், சாதா லேத்தை டர்னர் கையால் ஓட்டுவார், சி.என்.சி.யில் எழுதிய புரோகிராமின்படி கம்ப்யூட்டரே டூலை நகர்த்தும். கேட்பவர் கையில் ஒரு கொட்டேஷன் இருக்கும், அதில் ‘லேத்தில் 24 நிமிஷம், சி.என்.சி.யில் 5 நிமிஷம்’ என்ற வரிக்கு அடியில் பேனாவால் கோடு போட்டிருக்கும். அந்த வரி பொய் இல்லை. ஆனால் ஒரு பீஸுக்கு எத்தனை நிமிஷம் என்பது கணக்கில் பாதிதான், ஒரு நிமிஷத்துக்கு எத்தனை ரூபாய் என்பது மீதிப் பாதி, அதை எந்தக் கொட்டேஷனிலும் போட மாட்டார்கள், ஏனென்றால் அது உங்கள் பட்டறையைப் பொறுத்தது.

என்னிடம் இரண்டு சாதா லேத், ஒரு மில்லிங், ஒரு சி.என்.சி. டர்னிங் மெஷின் இருக்கின்றன. கீழே வரும் கணக்கை நான் மெஷின் வாங்கிய பிறகுதான் ஒழுங்காகப் போட்டேன், நீங்கள் முன்னாடியே போட்டுவிடுங்கள். தொகைகள் எல்லாம் எடுத்துக்காட்டுக்கு நான் எடுத்துக்கொண்டவை, உங்கள் வாடகை, உங்கள் சம்பளம், உங்கள் கரண்ட் பில் எதுவோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள், வழி மட்டும் ஒன்றுதான்.

முதலில் மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு எவ்வளவு தின்னும் என்று பார்க்க வேண்டும். நல்ல ஆறடி லேத், சக், டூல் போஸ்ட் எல்லாம் சேர்த்து 4 லட்சம் என்று வைப்போம். பத்து வருஷம் கழித்து 1 லட்சத்துக்கு விற்கலாம், ஆக வருஷத் தேய்மானம் 30,000. வட்டியை முழு 4 லட்சத்துக்கும் பத்து வருஷமும் போட வேண்டாம், வாங்கின விலையையும் விற்கிற விலையையும் கூட்டிப் பாதியாக்கினால் இரண்டரை லட்சம், அதற்கு 10 சதவீதம் 25,000. சொந்தப் பணம் என்றாலும் வட்டி போடுங்கள், அந்தப் பணம் பேங்கில் கிடந்திருந்தால் ஏதோ கொடுத்திருக்கும் அல்லவா. லேத் நிற்கும் இடத்துக்கு வாடகைப் பங்கு 24,000, ஆயில், பெல்ட், பேரிங் என்று 11,000. மொத்தம் 90,000.

அடுத்தது மணி நேரம். இங்கேதான் எல்லோரும் தங்களுக்குத் தாங்களே பொய் சொல்லிக்கொள்கிறோம். நாளைக்கு 8 மணி, வருஷத்துக்கு 300 நாள், ஆக 2,400 என்று எழுதிவிடுவோம். டீ, மெட்டீரியல் வராதது, கரண்ட் போனது, கஸ்டமர் ‘டிராயிங் மாறிடுச்சு, நிறுத்துங்க’ என்று போன் செய்தது, இதெல்லாம் எங்கே போகும்? முக்கால்வாசி எடுத்தால் 1,800. அதுவே நல்ல பட்டறைக்குத்தான். 90,000-ஐ 1,800-ஆல் வகுத்தால் மணிக்கு 50 ரூபாய். மூன்று ஹெச்.பி. மோட்டார் என்றால் 2.2 கிலோவாட், முழு லோடில் எப்போதும் ஓடாது, கரண்டுக்குப் பத்து ரூபாய் போதும். டர்னர் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., தீபாவளி போனஸ் எல்லாம் சேர்த்து மாதம் 30,000 என்றால் வருஷம் 3,60,000, மணிக்கு 200. ஆக சாதா லேத் மணிக்கு 260 ரூபாய். இதில் 200 ஆளுக்கு, 50 மெஷினுக்கு. இந்தப் பங்கை நினைவில் வையுங்கள், சி.என்.சி.யில் இது தலைகீழாக மாறும்.

சி.என்.சி. டர்னிங் மெஷின் 20 லட்சம் என்று வைப்போம். ஜி.எஸ்.டி.யைச் சேர்க்கவில்லை, அது இன்புட் கிரெடிட்டாகத் திரும்பி வரும், ஆனால் கட்டும் அன்றைக்குக் கையில் பணம் இருக்க வேண்டும் என்பது வேறு தலைவலி. 20 லட்சத்தோடு நின்றுவிடாது. செர்வோ ஸ்டெபிலைசர், கம்ப்ரசர், டூல் ஹோல்டர், போரிங் பார், சாஃப்ட் ஜா (பீஸைப் பிடிக்கும் தாடை), தரை போட்டது, கேபிள் இழுத்தது எல்லாம் இன்னொரு 3 லட்சம். இது கொட்டேஷனில் இருக்காது, ஆனால் மெஷின் லாரியில் இருந்து இறங்கிய அன்றே கேட்கும். ஆக 23 லட்சம், பத்து வருஷத்தில் 5 லட்சத்துக்குப் போகும், தேய்மானம் 1,80,000. வட்டி 14 லட்சத்துக்கு 10 சதவீதம், 1,40,000. சர்வீஸ், ஸ்பேர், இன்ஷூரன்ஸ் 80,000. இடம் 40,000. மொத்தம் 4,40,000. ஆபரேட்டருக்கு எல்லாம் சேர்த்து மாதம் 22,500, கரண்ட் மணிக்கு 40.

ஒரு ஷிப்டில் 1,800 மணி ஓடினால் மெஷினுக்கு 244, ஆளுக்கு 150, கரண்ட் 40, கிட்டத்தட்ட 435 ரூபாய். இரண்டு ஷிப்ட் போட்டு 3,600 மணி ஓட்டினால் மெஷின் பங்கு 122-ஆகக் குறைந்து 312 ரூபாய் (சர்வீஸ் செலவு கொஞ்சம் ஏறும், இப்போதைக்கு விடுங்கள்). வேலை பாதிதான் வருகிறது, 900 மணிதான் ஓடுகிறது, ஆபரேட்டரை அனுப்பவும் முடியாது என்றால்? மெஷினுக்கு 489, ஆளுக்கு 300, கரண்ட் 40. மணிக்கு 830 ரூபாய்க்குக் கொஞ்சம்தான் குறைவு. அதே மெஷின், அதே ஆள், அதே கரண்ட்.

ஆடிட்டர் போடும் தேய்மானத்தை இந்தக் கணக்கில் கொண்டுவராதீர்கள். வருமான வரிக்கு மெஷினரி தேய்மானம் வருஷம் 15 சதவீதம், மீதி மதிப்பின் மேல். 23 லட்சத்துக்கு முதல் வருஷமே 3,45,000 வரும், வரி குறைய அது நல்லது, ஆனால் அதை வைத்து ரேட் போட்டால் முதல் வருஷம் ஆர்டரே கிடைக்காது, ஏழாம் வருஷம் சும்மா செய்து கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

சரி, இப்போது ஒரு பீஸ். ஃபிளாஞ்ச் (அகன்ற விளிம்பு) வைத்த ஒரு எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) புஷ், அதாவது ஷாஃப்ட் உள்ளே சுற்றும் உருளை வளையம், உள்ளே போரிங் (துளையை அளவுக்குக் கடைவது), வெளியே இரண்டு ஸ்டெப், ஒரு குரூவ் (பள்ளம்). சாதா லேத்தில் செட்டிங் கால் மணி நேரம், பீஸுக்கு 24 நிமிஷம். சி.என்.சி.யில் புரோகிராம் எழுதி, ஜா போர் செய்து, டூல் ஆஃப்செட் (டூல் முனை எங்கே நிற்கிறது என்ற அளவு) எடுத்து, முதல் பீஸ் ஓட்டி அளந்து சரி பார்க்க இரண்டரை மணி நேரம், அதற்குப் பிறகு லோடிங்கோடு பீஸுக்கு 5 நிமிஷம்.

24 எப்படி 5 ஆகிறது என்று பலரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலில் எம்.எஸ்.ஸை நிமிஷத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் வெட்டுவோம், 40 மில்லி ராடுக்கு அது சுமார் 240 ஆர்.பி.எம். கார்பைடு இன்செர்ட்டில் (டூல் நுனியில் மாட்டி, தேய்ந்தால் மாற்றும் வெட்டுத் துண்டு) 180 மீட்டர் தாராளமாகப் போகும், அதாவது 1,430 ஆர்.பி.எம். பழைய லேத்தில் அந்த வேகத்தைப் போட்டால் மெஷின் ஆடும், டூலைச் சுமந்து நகரும் கேரேஜ் நடுங்கும், இன்செர்ட் முனை சிதறும். இது ஒரு காரணம். பெரிய காரணம் எனக்குத் தெரிந்து வேறு. டர்னர் வெட்டுவார், நிறுத்துவார், வெர்னியர் வைப்பார், 0.2 எடுப்பார், மறுபடி நிறுத்துவார், டூலை மாற்றுவார். அந்த 24 நிமிஷத்தில் டூல் இரும்பைத் தொட்டுக்கொண்டிருப்பது பாதி நேரம்கூட இல்லை. ஒரு நாள் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள், ஆனால் டர்னரிடம் சொல்லிவிட்டு வையுங்கள், இல்லையென்றால் மறுநாள் ஆள் வர மாட்டார்.

லேத்தில் செட்டிங் 65 ரூபாய், பீஸுக்கு 104, டூல் தேய்வுக்கு 3, ஆக 107. சி.என்.சி.யில் செட்டிங் இரண்டரை மணிக்கு 1,090, அந்த நேரத்தில் செட்டர் என்ற தனி ஆளுக்கு மணிக்கு 100 வீதம் 250, ஆக 1,340. பீஸுக்கு 36, இன்செர்ட்டுக்கு 5, ஆக 41. இன்செர்ட் எப்படி 5 என்றால், சி.என்.எம்.ஜி. என்ற வகை இன்செர்ட்டில் பக்கத்துக்கு இரண்டாக நாலு முனை உண்டு, விலையை நாலால் வகுத்து ஒரு முனைக்கு எத்தனை பீஸ் வருகிறது என்று பாருங்கள், போரிங்குக்கும் குரூவுக்கும் அதே மாதிரி போட்டுக் கூட்டுங்கள்.

எத்தனை பீஸில் சி.என்.சி. முந்தும்? செட்டிங் செலவு வித்தியாசம் 1,275. பீஸ் செலவு வித்தியாசம் 66. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 19.3. ஆக 20 பீஸ் லாட் என்றால் சி.என்.சி., அதற்குக் கீழே என்றால் லேத். அடடா, இருபதுதானா, அப்படியென்றால் மெஷினை வாங்கிவிடலாமே என்று தோன்றும். அவசரப்படாதீர்கள், இந்த 20 என்பது மெஷின் 1,800 மணி ஓடினால்தான். 900 மணி ஓடும் பட்டறையில் செட்டிங் 2,325, பீஸுக்கு 74 ஆகிவிடும். அப்போது 2,260-ஐ 33-ஆல் வகுக்க வேண்டும், விடை 69. இரண்டு ஷிப்ட் ஓடுபவருக்கு இதே புஷ் 13 பீஸிலேயே கட்டுப்படியாகும். ஒரே டிராயிங், ஒரே மெஷின், மூன்று பட்டறையில் மூன்று பதில். அம்பத்தூரில் இரண்டு ஷிப்ட் ஓட்டுபவர் கொடுக்கும் ரேட்டைப் பார்த்து ‘இவருக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது’ என்று நாம் இங்கே உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

ரிப்பீட் ஆர்டரை மறந்துவிடாதீர்கள். புரோகிராம் மெமரியில் இருக்கிறது, ஜா எடுத்து வைத்திருக்கிறீர்கள், செட்டிங் ஒரு மணி நேரமாகக் குறைந்தால் 8 பீஸிலேயே சி.என்.சி. முந்திவிடும். அதனால் கஸ்டமரிடம் கேட்க வேண்டியது ‘எத்தனை பீஸ்’ மட்டும் இல்லை, ‘அடுத்த மாசமும் வருமா’ என்பதும்தான். வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். பி.ஓ.வில் (பர்ச்சேஸ் ஆர்டரில்) எழுதிக் கொடுப்பவரை நம்புங்கள்.

இனி கணக்கில் எளிதில் சிக்காதவை. எங்களுக்கு கடலூர் சிப்காட் கெமிக்கல் கம்பெனிகளில் இருந்து பம்ப் ஸ்லீவ் (ஷாஃப்ட்டின் மேல் போடும் குழாய் உறை) வேலை வரும், பெரும்பாலும் எஸ்.எஸ். 316 என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதில் மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் இருப்பதால் உப்பையும் குளோரைடையும் இன்னொரு வகையான எஸ்.எஸ். 304-ஐ விட நன்றாகத் தாங்கும், நம் கடற்கரைக்கும் கெமிக்கல் பம்புக்கும் அதுதான் சரி. ஆனால் டூல் வெட்டாமல் உரசினால் மேல்தோல் இறுகிவிடும், அடுத்த கட்டில் டூல் காலி. மெயின்டனன்ஸ் ஆள் ஒருவர் தேய்ந்த பழைய ஸ்லீவை மஞ்சப்பையில் போட்டு வண்டி ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக் கொண்டுவருவார். டிராயிங் கிடையாது. தேய்ந்த இடத்தில் ஒரு அளவு, தேயாத ஓரத்தில் ஒரு அளவு, ஓ-ரிங் குரூவில் பாதி மண். எங்கள் மூத்த டர்னர் அதை வாங்கி, கட்டை விரலால் உள்பக்கம் ஒரு சுற்று தடவி, ‘ஷாஃப்ட்டையும் கொண்டாங்க’ என்பார், ஷாஃப்ட்டை அளந்து, வெட்டி, போட்டுப் பார்த்து, இன்னும் இரண்டு பாயின்ட் எடுத்து, மத்தியானத்துக்குள் கொடுத்துவிடுவார். இந்த ஒரு பீஸை சி.என்.சி.யில் போட்டால் டிராயிங் போட்டு முடிப்பதற்குள் அங்கே பிளான்ட் நின்றுவிடும். பிரேக்டவுன் வேலைக்கு ரேட்டை நிமிஷக் கணக்கில் போடாதீர்கள், அவர்களுக்குப் பம்ப் நிற்கும் ஒரு மணி நேரத்தின் விலை தெரியும்.

படகு வேலையும் அப்படித்தான். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அந்த இரண்டு மாதமும் தேங்காய்த்திட்டிலும் கடலூர் முதுநகரிலும் விசைப்படகுகள் கரையேறி நிற்கும், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், கன்மெட்டல் புஷ் என்று லேத்துக்கு மூச்சு விட நேரம் இருக்காது. எல்லாம் ஒன்றிரண்டு பீஸ், ஒவ்வொன்றும் ஒரு அளவு. அந்த இரண்டு மாத வரும்படியைப் பார்த்துப் பூரித்துப்போய் சி.என்.சி.க்கு ஈ.எம்.ஐ. கட்ட முடிவு செய்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். அந்த வேலையில் ஒன்றுகூட சி.என்.சி.க்குப் போகாது, ஈ.எம்.ஐ.யோ பன்னிரண்டு மாதமும் வரும்.

மறுபக்கமும் சொல்லிவிட வேண்டும். 25 மில்லி போருக்கு (துளைக்கு) ஹெச்7 என்ற துல்லியம் கேட்டால் பூஜ்யத்தில் இருந்து பிளஸ் 21 மைக்ரான்வரைதான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடம். நல்ல கை இருந்தால் சாதா லேத்தில் ஒரு பீஸை அதற்குள் கொண்டுவரலாம், பத்துப் பீஸையும் கொண்டுவரலாம். இருநூறாவது பீஸ், மே மாதம், சாயங்காலம் நாலரை மணி, ஃபேன் சுடுகாற்றை வீசுகிறது என்றால்? ரிஜெக்ஷன் அங்கேதான் தொடங்கும். லேத்தில் நூற்றுக்கு 5, சி.என்.சி.யில் நூற்றுக்கு 1 போகிறது என்று வையுங்கள், எம்.எஸ்.ஸில் பெரிதாகத் தெரியாது, 316-இல் ராடு விலையோடு அதுவரை செய்த வேலையும் சேர்ந்து சில்லுக் கூடையில் விழும். மெட்டீரியல் விலை ஏற ஏற, சி.என்.சி. முந்தும் அந்த எண்ணிக்கை கீழே இறங்கும். டேப்பர், ரேடியஸ், வளைவு என்று வந்தால் கணக்கே வேண்டாம், சி.என்.சி.தான்.

சி.என்.சி. தப்புச் செய்தால் அது வேறு விலை. லேத்தில் தப்பு என்றால் ஒரு பீஸ் போகும். என் மெஷினில் ஒரு சாயங்காலம் பையன் இன்செர்ட் மாற்றிவிட்டு ஆஃப்செட் அடிக்கும்போது பிளஸ், மைனஸ் குறியை மாற்றி அடித்துவிட்டான், ரேப்பிடில் (வெட்டாமல் நகரும் முழு வேகத்தில்) வந்த டரட் (டூல்களைத் தாங்கும் சுழல் தலை) நேராக ஜாவில் மோதியது. அந்தச் சத்தத்தை இன்னும் மறக்க முடியவில்லை. டரட் அலைன்மென்ட் போனது, சர்வீஸ் ஆள் வந்து சரி செய்ய ஒன்பது நாள். நாளைக்கு 6 மணி, 54 மணி நேரம், 244 வீதம் 13,000 ரூபாய்க்கு மேல், மெஷின் சும்மா நின்றதற்கு மட்டும். சர்வீஸ் பில் தனி. சில ஃபானுக் கண்ட்ரோல் (மெஷினை ஓட்டும் கம்ப்யூட்டர்) செட்டிங்கில் புள்ளி வைக்காமல் 50 என்று அடித்தால் அதை 50 மில்லியாக எடுக்காது, 50 மைக்ரானாக எடுக்கும், இதை ஆபரேட்டருக்கு முதல் நாளே சொல்லிக் கொடுங்கள். முதல் பீஸை எப்போதும் சிங்கிள் பிளாக்கில் (புரோகிராமை ஒவ்வொரு வரியாக நிறுத்தி), ரேப்பிடைக் குறைத்து ஓட்டச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் ஆகும் நேரமும் அந்த இரண்டரை மணி செட்டிங்கில் அடக்கம், அதைக் குறைத்துக் காட்டி ஆர்டர் பிடிக்காதீர்கள்.

இன்ஷூரன்ஸை விட்டுவிடாதீர்கள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தபோது கடலூர் மாவட்டத்தில் பல இடங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தண்ணீர் புகுந்தால் லேத் மோட்டாரைக் கழற்றிக் காயவைத்து, வார்னிஷ் அடித்து, பெட்டில் ஆயில் பூசி ஓட்டிவிடலாம். செர்வோ டிரைவும் கார்டும் நனைந்தால் அப்படி முடியாது. மெஷின் இறக்கும் முன்பே மேடையை உயர்த்திப் போடுங்கள், தெருவில் பழைய மழைக்கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பக்கத்து ஷெட்காரரிடம் கேட்டுவிட்டு.

அப்புறம் ஆள். ஐ.டி.ஐ.யில் டர்னர் டிரேடு இரண்டு வருஷம், முடித்து வருபவன் சாதா லேத்தில் தனியாக ஒரு பிரேக்டவுன் வேலையை எடுத்துச் செய்ய இன்னும் பல வருஷம் ஆகும். லோடிங், அன்லோடிங், அளவு பார்ப்பது மட்டும் என்றால் சில மாதத்தில் தேறிவிடுவான். அதனால்தான் மேலே டர்னருக்கு 30,000-உம் ஆபரேட்டருக்கு 22,500-உம் போட்டேன். ஆனால் புரோகிராம் எழுதவும் செட்டிங் செய்யவும் தெரிந்தவர் ஒருவர் பட்டறையில் இல்லாவிட்டால் மெஷின் வாரத்தில் இரண்டு நாள் அவர் வருகைக்காகக் காத்துக் கிடக்கும். அந்த ஆள் நீங்களாகவே இருந்துவிடுவது நல்லது. என்னைக் கேட்டால், மெஷின் வாங்க ஆறு மாதம் முன்னாலேயே புரோகிராம் கற்றுக்கொள்ளத் தொடங்குங்கள்.

இவ்வளவும் போட்டுப் பார்த்து இழுபறியாக இருந்தால் நடுவழி ஒன்று இருக்கிறது. லாட் வேலையை வெளியே ஜாப் ஒர்க் கொடுங்கள், மெட்டீரியல் உங்களுடையது, ரஃபிங் (முதல் கட்ட முரட்டு வெட்டு) உங்கள் லேத்தில், ஃபினிஷ் மட்டும் அவர்கள் சி.என்.சி.யில். மணிக்கு 500 அல்லது 600 கேட்டாலும் பரவாயில்லை, 900 மணி ஓடும் சொந்த மெஷினின் 830-ஐ விட அது குறைவுதான். அனுப்பி வாங்கும் வண்டிச் செலவையும், அவர் தன் சொந்த ஆர்டரை முடித்துவிட்டுத்தான் நம் வேலையைத் தொடுவார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படிக் கொடுக்கும் மணி நேரம் மாதத்துக்கு எவ்வளவு என்று ஒரு வருஷம் எழுதி வாருங்கள், அது மாதம் 100-ஐத் தாண்டி நிலையாக நின்றால் கொட்டேஷனைக் கையில் எடுக்கலாம்.

எழுதி வருவது என்று சொன்னேனே, அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மெஷின் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். வேலை பெயர், எத்தனை பீஸ், செட்டிங் ஆரம்பம், செட்டிங் முடிவு, கடைசிப் பீஸ் நேரம், நின்றது எதற்காக. கடைசிக் கட்டம்தான் முக்கியம், அதை மட்டும் பையன்கள் எழுதாமல் விடுவார்கள், தினமும் சாயங்காலம் நீங்களே கேட்டு எழுதுங்கள். என் சி.என்.சி. மாதம் 150 மணி ஓடுகிறது என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். முதல் மாத நோட்டைக் கூட்டிப் பார்த்தபோது 92 வந்தது. ‘நின்றது எதற்காக’ கட்டத்தில் அதிகம் வந்த வார்த்தை ‘டிராயிங்’, அதற்கு அடுத்தது ‘ஓனர் வரலை’.